ஆட்சி மறைந்தது, அடுப்படி மறக்கவில்லை!



விடுமுறை என்றதும் உங்கள் உள்ளத்தில் முதலில் எழும் ஆசை என்ன? இரண்டு நாளைக்காவது அடுப்படியை மறந்திருக்க வேண்டும் என்பதுதானே! யாராவது ஆக்கி வைத்ததை அமர்ந்து உண்ணக் கிடைத்தால் அதுவே பெரும் பாக்கியம் என்றுதான் இல்லத்தரசிகளில் அநேகர் எண்ணுவர்.

ஆனால், இத்தாலி நாட்டின் கிராமப்புறங்களிலே இதற்கு நேர்மாறான ஒரு விடுமுறை நடக்கிறது. தூர தேசங்களிலிருந்து பெண்களும் ஆண்களும் கணிசமான பணத்தைச் செலவழித்து வருகிறார்கள். கடற்கரைக்குப் போவதற்கல்ல, கடைத் தெருவில் சுற்றுவதற்குமல்ல. ஒரு பண்ணை வீட்டின் சமையலறையிலே மாக் குழைக்கவும், கத்தரிக்காய் நறுக்கவும், அடுப்பின் முன் நின்று கிண்டவும்தான் வருகிறார்கள். ஒரு வாரம் இப்படிக் கழித்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள்!

இத்தாலியின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு சமையல் உண்டு. வடக்கே வெண்ணெயும் முட்டை சேர்த்த மாவும். தெற்கே ஒலிவ் எண்ணெயும் தண்ணீரில் குழைத்த மாவும். இவற்றுள் நாம் இங்கே பார்க்கப் போவது தெற்குக் கோடியிலுள்ள சிசிலித் தீவை. மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு அது. அங்கிருந்து ஆபிரிக்காவின் தூனிசியக் கரை சுமார் 150 கிலோமீற்றர் தூரந்தான். அந்தத் தீவின் சட்டி பானைகளுக்குள்ளே நம்மோடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாறும் இருக்கிறது.

பண்ணை வீடுகள் பள்ளிக்கூடங்களாயின

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தென் இத்தாலி மக்கள் இலட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். வடக்கேயுள்ள தொழிற்சாலை நகரங்களுக்கும், ஜேர்மனி, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் அவர்கள் போய்விட, வயல்கள் தரிசாயின, வீடுகள் பூட்டப்பட்டன. வயோதிபர்கள் மாத்திரமே எஞ்சினர். மண்ணோடு சேர்ந்து மண்ணின் உணவும் அழிந்து போகும் நிலை.

இந்நிலையில்தான் 1985ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இத்தாலிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. விவசாயக் குடும்பங்கள் தங்கள் பண்ணை வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைத்து உணவளித்துச் சம்பாதிக்க அது வழி செய்தது. இதனை 'அக்ரிதுரிஸ்மோ' என்பர். விவசாயமே முதல் தொழிலாக இருக்க வேண்டும். பரிமாறும் உணவில் பெரும் பங்கு சொந்தப் பண்ணையிலோ அயலிலோ விளைந்ததாக இருக்க வேண்டும். இதுதான் அதன் அடிப்படை. 2006ஆம் ஆண்டில் வந்த புதிய சட்டமும் இந்த அடிப்படையை விட்டுவிடவில்லை.

விருந்தினர் வந்தார்கள், உண்டார்கள். பின்பு, "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சமையல் விடுமுறைக்கு இந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

சிசிலியின் நடுப்பகுதியிலே றெகலெயாலி என்றொரு பெரும் பண்ணை உண்டு. அங்கே அன்னா தஸ்கா லன்சா என்ற பெண்மணி 1989ஆம் ஆண்டில் ஒரு சமையற் பள்ளியைத் தொடங்கினார். சிசிலியின் கிராமத்து உணவு மறக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே அவரது கவலை. 2010ஆம் ஆண்டில் அவர் காலமான பின் அவரது மகள் அப்பணியை ஏற்றுக்கொண்டார். அந்தப் பண்ணை வைன் தயாரிப்புக்குப் பேர்போனது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது குறித்துப் பின்னர் பேசுவோம்.

அளவு கைக்குத் தெரியும்

இத்தகைய விடுமுறையில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

காலையில் கூடையோடு தோட்டத்துக்குப் போக வேண்டும். அன்று எது பறிக்கும் பக்குவத்தில் இருக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். சில நாட்களில் ஆட்டுப் பட்டிக்குப் போவார்கள். பாற்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிந்த பால் நீரை மறுபடியும் சூடாக்க, வெண்மையான நுரைக் கட்டிகள் மேலே மிதந்து வரும். அதுதான் 'ரிக்கோத்தா'. 'மறுபடி காய்ச்சியது' என்பதே அப்பெயரின் பொருள். பாலில் ஒரு துளியையும் வீணாக்காத ஏழை இடையனின் புத்தி அது!

ஆகஸ்ட் மாதமாயின் முற்றம் முழுவதும் சிவந்து கிடக்கும். தக்காளிப் பழங்களை அவித்து, தோலும் விதையும் நீங்க வடித்து, உப்பிட்டு, மரப்பலகைகளிலே பரப்பிக் கடும் வெயிலில் வைப்பார்கள். இடையிடையே கையால் கிளறிக் கிளறி விட வேண்டும். பத்துக் கிலோ பழம் சில நாட்களில் ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுண்டி, செங்கல் நிறத்தில் களிமண் போலத் திரண்டுவிடும். மாரி காலம் முழுவதற்கும் அதுதான் குழம்புக்குச் சுவை.

பின்பு மாக் குழைத்தல். கடினமான ஒரு கோதுமை இனத்தின் ரவை மாவும் தண்ணீரும் மட்டுமே. முட்டை கிடையாது. திரித்த மாவை மெல்லிய புல்லுத் தண்டொன்றிலே சுற்றி உருட்டி உருவினால், சுருள் சுருளாக வரும். 'புசியாத்தே' என்பது அதன் பெயர். அதற்குச் சேர்க்கும் சம்பலோ உரலில் இடிக்கப்படுவது: உள்ளி, உப்பு, வாதுமைப் பருப்பு, துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு மணமுள்ள இலை, பழுத்த தக்காளி, ஒலிவ் எண்ணெய்.

"எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?" என்று குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும் விருந்தினர் கேட்பார்கள். "மா கேட்கும் அளவு" என்பதுதான் இத்தகைய சமையலறைகளில் கிடைக்கும் பதில். மாரி நாளில் மா குறைவாகக் குடிக்கும். வெயில் நாளில் கூடுதலாகக் குடிக்கும். இதை எந்தப் புத்தகமும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. பிசைகின்ற கைக்குப் பக்கத்தில் நின்று, தானும் பிசைந்து பார்த்தே அறிய வேண்டும். இதற்காகத்தானே இத்தனை தூரம் கடந்து வருகிறார்கள்!

நமது பிட்டு, அவர்களது குஸ்குஸ்

தீவின் மேற்குக் கரையிலே ட்ராபானி என்ற ஊர் உண்டு. அங்கே ஒரு விருந்தினர் குஸ்குஸ் செய்யக் கற்பதைக் கண்டால், "இது நம்ம பிட்டல்லவா!" என்று நீங்கள் வியந்து நிற்பீர்கள்.

வாய் அகன்ற மண் தட்டொன்றில் ரவையைப் போட்டு, விரல் நுனிகளால் நீர் தெளித்துத் தெளித்து, விரல்களை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு சிறு மணிகளாக மா திரண்டு வரும். நீர் மிஞ்சினால் கட்டிபட்டுவிடும், குறைந்தால் திரளாது. பின்பு அடியில் துளைகளுள்ள மண்பானையில் இட்டு, கொதிக்கும் பானையின் மேல் வைத்து, ஆவி வெளியேறாதபடி இடைவெளியை மாவினால் பூசி மூடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவிப்பார்கள். அவிந்ததும் மீன் ஆணத்தை ஊற்றிக் கிளறி, கம்பளிப் போர்வையால் பொதிந்து சற்று ஆற விடுவார்கள். ஆணத்தை உறிஞ்சிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பூப்போல மலர்ந்திருக்கும்.

ஐரோப்பாவில் இருக்கும் இத்தீவுக்கு வட ஆபிரிக்காவின் குஸ்குஸ் எப்படி வந்தது?

மொழி காத்த அமானிதம்

கி.பி. 827ஆம் ஆண்டு, கைரவான் நகரின் காழியாக விளங்கிய அஸத் இப்னு அல்-புராத் அவர்களின் தலைமையில் முஸ்லிம் படை சிசிலியின் மஸாரா துறையில் இறங்கியது. 831இல் பலெர்மோ நகர் வசமாயிற்று. 1091ஆம் ஆண்டில் கடைசி நகரும் நோர்மன்களின் கைக்குப் போகும் வரை, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம் ஆட்சி அங்கே நிலைத்தது. பத்தாம் நூற்றாண்டில் பலெர்மோவைக் கண்ட இப்னு ஹவ்கல், அங்கே முந்நூறுக்கும் அதிகமான பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார்.

அவர்கள் நீர்த் தொட்டிகளையும் வாய்க்கால்களையும் அமைத்தார்கள். எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, கத்தரி முதலியன அந்த நீரிலே செழித்தன. நோர்மன் மன்னரின் அவையிலிருந்த புவியியல் அறிஞர் அல்-இத்ரீஸி 1154ஆம் ஆண்டு முடித்த நூலிலே, பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' எனும் மா இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் ஏற்றுமதியாவதைக் குறிப்பிடுகிறார். மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து இதனை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அவர் ஊர் திரும்பியது 1295இல்! அதற்கு 140 ஆண்டுகள் முன்னரே சிசிலி அதை விற்றுக்கொண்டிருந்தது.

பின்னர் காலம் மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் மன்னன் எஞ்சிய முஸ்லிம்களைப் பிடுங்கி எடுத்து, இத்தாலியின் பெருநிலப்பரப்பிலுள்ள லுசேரா நகரில் குடியேற்றினான். 1300ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. மக்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பள்ளிவாசல்கள் மறைந்தன. பலெர்மோ பேராலயத்தின் முகப்பிலுள்ள தூண் ஒன்றில் மட்டும் குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

ஆனால் சமையலறை மறக்கவில்லை. எள்ளுக்கு சிசிலிப் பெண்கள் சொல்லும் சொல் 'ஜுஜுலேனா'. அது அரபியின் 'ஜுல்ஜுலான்'. தோடம்பூவுக்கு 'ஸாகரா', அது 'ஸஹ்ர்'. தோட்டத்து நீர்த் தொட்டிக்கு 'ஜெப்பியா', அது 'ஜாபியா'. ஒருவகை முந்திரிகைக்கு 'ஸிபிப்போ', அது 'ஸபீப்'. பெருநாள் மேசைகளை அலங்கரிக்கும் 'கஸ்ஸாத்தா' இனிப்பின் பெயரும் கிண்ணத்தைக் குறிக்கும் 'கஸ்ஆ' என்ற சொல்லிலிருந்தே வந்தது என்பது பலரின் கருத்து.

சற்றுச் சிந்தியுங்கள். அரண்மனையில் இருந்தவை அழிந்தன. அடுப்படியில் இருந்தவை பிழைத்தன. தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். யாருடைய சொல் இது, யாருடைய உணவு இது என்று தெரியாமலேயே, அந்தப் பெண்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அமானிதத்தைக் காத்து வந்திருக்கிறார்கள்!

இன்று மஸாரா நகரிலே 1960களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடித் தொழிலுக்கென வந்து குடியேறிய தூனிசிய மக்கள் வாழ்கிறார்கள். 1998ஆம் ஆண்டு முதல் சான் வீத்தோ என்ற கடலோர ஊரில் குஸ்குஸ் விழாவும் நடைபெற்று வருகிறது.

போக வாய்த்தால்...

நம் சகோதரிகளில் சிலர் இத்தாலியில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அவர்களுக்கோ, பயணம் போகும் பிறருக்கோ இத்தகைய வாய்ப்புக் கிடைத்தால் சில விடயங்களை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

பன்றிக் கொழுப்பை அங்கே 'ஸ்த்ருத்தோ' என்பர். பலகாரங்களிலும் சில ரொட்டிகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் அது கலந்திருக்கும். புகழ்பெற்ற 'கன்னோலி'யின் மொறுமொறுப்பான கூட்டுக்குப் பன்றிக் கொழுப்போடு மர்சாலா வைனும் சேர்ப்பது வழக்கம். கேக் வகைகளில் ரம் தெளிப்பதுண்டு. பாற்கட்டிக்குப் பாலை உறைய வைக்கும் பொருள் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. வைனிலிருந்து செய்யும் வினாகிரி குறித்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பி, "மரக்கறியும் மீனும் மட்டும் சமைக்கும் வகுப்பு வேண்டும், எண்ணெய் ஒலிவாக இருக்கட்டும்" என்று முதலிலேயே கேளுங்கள். வந்தபின் சங்கடப்படுவதிலும் பார்க்க அது நல்லது. சிசிலியின் ஏழை மக்களின் சமையலே பெரும்பாலும் மரக்கறியும் பருப்பும் மீனுந்தான்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்: பனெல்லே

பலெர்மோவின் தெருக்களில் பாணுக்குள் வைத்து விற்கப்படும் எளிய உணவு இது.

தேவையானவை: கடலை மா 250 கிராம், தண்ணீர் 750 மில்லிலீற்றர், உப்பு, மிளகுத் தூள், பொடியாக அரிந்த பார்ஸ்லி (கிடைக்காவிடின் கொத்தமல்லி இலை), பொரிக்க எண்ணெய், தேசிக்காய்.

செய்முறை: குளிர்ந்த நீரில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து உப்புச் சேர்க்கவும். மிதமான நெருப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டவும். களி போலத் திரண்டு சட்டியின் ஓரத்தை விட்டு வரும்போது மிளகுத் தூளும் இலையும் சேர்த்து இறக்கவும். சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிய தட்டில் மெல்லிதாகப் பரப்பவும். நன்றாக ஆறியதும் துண்டுகளாக வெட்டி, பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, தேசிப்புளி பிழிந்து பாணுடன் பரிமாறவும். பிள்ளைகளுக்கு மாலை நேரத்துக்கு ஏற்றது, செலவும் குறைவு.

கையிலிருப்பது செல்வம்

சகோதரிகளே, இத்தாலியக் கிராமத்துப் பாட்டியின் கைப்பக்குவத்தை அறிய உலகம் பணம் கொடுத்து வரிசையில் நிற்கிறது. அந்தப் பாட்டி பட்டம் பெற்றவரல்ல. தன் தாயிடம் பார்த்துப் பழகியதை மறக்காதிருந்தார், அவ்வளவுதான்.

நம் வீட்டு மூத்தம்மாக்களின் கைகளிலும் இத்தகைய செல்வம் இல்லையா? வட்டிலப்பத்துக்கு எப்போது பாகு பதமாகிறது, பிட்டு மாவுக்கு எப்போது நீர் போதுமாகிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? "பொருட்களை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று, கையை மாவில் வைத்து, "இது போதுமா உம்மா?" என்று கேட்க வேண்டும். மகளோடு மகனையும் அழைத்து நிறுத்துங்கள்.

அதற்கு இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. வருகின்ற பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் போதும். மூத்தம்மா இருக்கும்போதே அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.