தாராசுரத்து அடுக்களையில் புளிப்பில்லா ஏழு நாள்

இயேசுவை மேசியாவாக ஏற்று, மோசேயின் நியாயப்பிரமாணத்தையும் கைக்கொள்கிறவர்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. தென்தமிழ்நாட்டு நாசரேத் வட்டாரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் தொடங்கிய சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரித்தது. தாராசுரத்தில் ஒரு வீட்டார் புளிப்பில்லா அப்பப் பண்டிகையை ஆசரிக்க நினைத்தால் வேலை அடுக்களையில் தொடங்கும்.

பண்டிகைக்கு வாசல் பஸ்கா. அது எபிரெய மாதமான நிசான் 14 மாலை, பௌர்ணமியை ஒட்டி வரும். 2026-இல் அது ஏப்ரல் 1, புதன். அதிலிருந்து ஏழு நாளும் புளித்தது வீட்டில் இருக்கக்கூடாது; ஒரு வாரம் முன்பே டப்பாக்களை இறக்கிவிடுங்கள்.

எல்லாரும் முதலில் கொட்டப் பார்ப்பது இட்லி மாவை. பொறுங்கள். யூத மரபு விலக்குவது கோதுமை, பார்லி, ஓட்ஸ் உள்ளிட்ட ஐந்து தானியங்கள் நீர் பட்டுப் புளித்ததைத்தான். அரிசியும் உளுந்தும் அந்தக் கணக்கில் சேராது. ஐரோப்பிய அஷ்கனாசி யூதர்கள் வழக்கம் கருதி அரிசியையும் தவிர்க்கிறார்கள். செபார்டி யூதர்களில் பலர் சாப்பிடுகிறார்கள். நெல் விளையும் ஊரில் நான் செபார்டி கட்சி. இட்லியும் கடப்பாவும் இருக்கட்டும்.

மாட்டிக்கொள்ள வேண்டியது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது சர்வசாதாரணம். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடைச் சாம்பார்ப் பொடி, ஊறுகாய்க்கும் இதே சோதனை. ரவை, சேமியா, பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் வெளியே. பஸ்காவுக்கு முந்தின இரவு விளக்கோடு மூலைமுடுக்கெல்லாம் தேடி, அகப்பட்டதை மறுநாள் காலை எரித்துவிடுவது வழக்கம்.

இனி அப்பம். கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லுக்கு அனுப்புவது நம் வீட்டுப் பழக்கம். இதற்கு அது ஆகாது. நீர் பட்டாலே சந்தேகம். புடைத்து, கல் பொறுக்கி, உலர்ந்தபடியே கொடுங்கள். முந்தின ஆள் ஈர அரிசி அரைத்துவிட்டுப் போயிருப்பார்; அதனால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். பாக்கெட் மாவிலும் இதே சிக்கல்: ஆலைகளில் கோதுமையை நனைத்து அரைப்பதுண்டு.

தண்ணீரை முந்தின மாலையே பிடித்து மண்பானையில் ஆறவிடுங்கள். பங்குனி வெயிலில் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். சூடு பட்டால் மாவு சீக்கிரம் புளிக்கும். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகே மாவில் தண்ணீர் விடுங்கள். அந்தக் கணத்திலிருந்து 18 நிமிஷம் கணக்கு. இந்தக் கெடு வேதத்தில் இல்லை, ரபிமார்கள் வகுத்தது. ஆனாலும் கைகொடுக்கும் கெடு. உப்பு, எண்ணெய் வேண்டாம். சப்பாத்திக்குப்போல மாவை ஊறவும் விடக்கூடாது. ஒருவர் பிசைய, ஒருவர் தேய்க்க, ஒருவர் சுட வேண்டும். தேய்த்ததும் முள்கரண்டியால் நெடுகக் குத்துங்கள். உப்பினால் சப்பாத்திக்குப் பெருமை. இங்கே உப்பியதை ஒதுக்கிவிடுவார்கள். முறுமுறுவென்று, அங்கங்கே கருகி வந்தால் சரி.

பஸ்கா இரவில் அப்பத்தோடு உண்ண வேண்டிய கசப்பான கீரை இன்னதென்று யாத்திராகமம் பெயர் சொல்லவில்லை. யூதர்கள் லெட்யூஸ் வகையையோ முள்ளங்கி போன்ற காரக் கிழங்கையோ வைக்கிறார்கள். இங்கே அப்போது வேப்பம்பூ உதிரும் காலம், காசில்லாமல் கிடைக்கும்.

ஆடு மட்டும் அறுக்க வேண்டாம். கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தானம் தவிர வேறெங்கும் பஸ்காவை அடிக்கக்கூடாது என்கிறது உபாகமம் 16. நம்முடைய பஸ்கா கிறிஸ்துவே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மேசையில் வாசித்து, அப்பத்தைப் பிட்டால் போதும்.

ஏழாம் நாள் பொழுது சாய்ந்ததும் பெருங்காய டப்பாவைத் திரும்ப வாங்கி வைக்கலாம். மிஞ்சிய மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, அரை மணி ஊறவைத்து, சப்பாத்தி போடுங்கள்.