முப்பதாயிரம் பேரை அனுப்ப நானும் கை தூக்கினேன்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், 30,000 போர்வீரர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பலாம் என்று நான் கை தூக்கினேன்.

பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் வெளியுறவுக் கொள்கைப் பாடத்தின் பயிற்சி வகுப்பு அது. எங்கள் விரிவுரையாளர் அன்று வகுப்பறையை 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து வெள்ளை மாளிகையாக மாற்றியிருந்தார். ஒருவர் அதிபர், ஒருவர் துணை அதிபர், ஒருவர் தற்காப்பு அமைச்சர். என்னைப் போன்ற மற்றவர்கள் ஆலோசகர்கள். ஆப்கானிஸ்தானில் உள்ள அமெரிக்கத் தளபதி மேலும் 40,000 பேர் வேண்டும் என்கிறார். துணை அதிபர் அவ்வளவு பேர் தேவையில்லை, அல்-காய்தாவை மட்டும் குறிவைத்தால் போதும் என்கிறார். முடிவு என்ன?

இருபது நிமிடம் பேசினோம். 30,000 பேரை அனுப்புவது, ஒன்றரை ஆண்டு கழித்து அவர்களைத் திரும்ப அழைக்கத் தொடங்குவது என்ற நடுவழிக்கு 22 பேரில் 14 பேர் கை தூக்கினோம். உண்மையில் அதிபர் ஒபாமா எடுத்த முடிவும் ஏறக்குறைய அதுதான் என்று விரிவுரையாளர் சொன்னபோது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பு முடிந்ததும் பபிள் டீ வாங்கப் போய்விட்டோம்.

மறுநாள் இரவு தம்பி வீட்டுக்கு வந்தான். தேசிய சேவையில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அம்மா அவனுக்காகச் சமைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலைச் சாப்பிட்டுக்கொண்டே என் கதையைக் கேட்டான். பிறகு கேட்டான்:

“அக்கா, எங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சின்னாகூட முதல்ல நோக்கம் என்னன்னு சொல்லிடுவாங்க. எதைச் செஞ்சா வேலை முடிஞ்சதுன்னும் சொல்லுவாங்க. நீ 30,000 பேருக்கு என்ன சொல்லி அனுப்பின?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிய சில வாரங்களின் விளைவே இந்தக் கட்டுரை.

யீஷூன் நிலையம் இருந்த காணொளி

2001 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களில் 2,977 பேர் கொல்லப்பட்டனர். தாக்குதலை நடத்திய அல்-காய்தாவின் தலைவர் ஒசாமா பின் லாடனுக்கு அடைக்கலம் தந்திருந்த தலிபான் அரசு, அவரை ஒப்படைக்க மறுத்தது. அக்டோபர் 7ஆம் தேதி போர் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் தலிபான் ஆட்சி கவிழ்ந்தது. பின் லாடன் தப்பிவிட்டார்.

நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய, எங்கோ தொலைவில் நடந்த போர் என்றுதான் இதை நினைத்திருந்தேன். ஆனால் ஆப்கானிஸ்தானில் அல்-காய்தா தலைவர் ஒருவரின் இடிந்த வீட்டில் கிடைத்த ஒரு காணொளியில், நான் அன்றாடம் ரயில் ஏறும் யீஷூன் எம்ஆர்டி நிலையம் இருந்தது. அங்கிருந்து பேருந்தில் செல்லும் அமெரிக்கப் படையினரை எப்படித் தாக்கலாம் என்று அதில் விளக்கப்பட்டிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் இங்கிருந்த ஜெமா இஸ்லாமியா அமைப்பினர். அவர்களில் பலர் ஆப்கானிஸ்தானில் பயிற்சி பெற்றவர்கள். 2001 டிசம்பரில் அவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாயினர்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அப்ப நான் தினமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன்,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அதனால், இந்தப் போரே தேவையில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. பயிற்சி முகாம்களை மூடவேண்டிய தேவை உண்மையானது. என் கேள்வி எட்டு ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட முடிவைப் பற்றியது. நடந்துகொண்டிருக்கும் ஒரு போரைப் பெரிதாக்குவதற்கு என்ன காரணம் போதுமானது?

ஒரு நோக்கம், மூன்று வேலைகள்

ஈராக் போரில் அமெரிக்காவின் கவனம் திரும்பியிருந்த ஆண்டுகளில் தலிபான் மீண்டும் வலுப்பெற்றது. 2009ல் பதவியேற்ற ஒபாமா முதலில் 17,000 வீரர்களையும் 4,000 பயிற்றுநர்களையும் அனுப்பினார். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை ஏறத்தாழ 68,000 ஆனது. அதுவும் போதாது என்றார் தளபதி ஸ்டேன்லி மெக்கிரிஸ்டல்.

வெள்ளை மாளிகையில் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. அதற்கு இடையில்தான், நவம்பர் நடுப்பகுதியில், ஒபாமா ஏபெக் உச்சநிலைக் கூட்டத்துக்காகச் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். டிசம்பர் 1ஆம் தேதி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகத்தில் பயிற்சி அதிகாரிகள் முன்னிலையில் தம் முடிவை அறிவித்தார்: மேலும் 30,000 பேர் செல்வார்கள், 2011 ஜூலை முதல் திரும்பத் தொடங்குவார்கள்.

அந்த உரையில் அவர் மூன்று வேலைகளைக் குறிப்பிட்டார். அல்-காய்தாவுக்குப் புகலிடம் கிடைக்காமல் செய்வது. தலிபானின் முன்னேற்றத்தைத் தடுத்துத் திருப்புவது. ஆப்கானியப் பாதுகாப்புப் படைகளையும் அரசாங்கத்தையும் வலுப்படுத்துவது.

முதல் வாசிப்பில் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவைபோலத் தெரிகின்றன. வகுப்பில் நான் வாதிட்டதும் அப்படித்தான். தலிபான் திரும்பினால் அல்-காய்தாவும் திரும்பும், ஆகவே தலிபானைத் தடுக்க வேண்டும்; நாம் போனபின் தலிபானைத் தடுக்க உறுதியான அரசு வேண்டும். ஒவ்வொரு படியும் சரியாகவே தோன்றியது.

ஆனால் ஒவ்வொரு படியிலும் வேலை பல மடங்கு பெரிதாகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் அப்போது எஞ்சியிருந்த அல்-காய்தாவினர் 100 பேருக்கும் குறைவு என்று ஒபாமாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேம்ஸ் ஜோன்ஸ் 2009 அக்டோபரில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். 100 பேரைத் தேடுவது ஒரு வேலை. பல்லாயிரம் தலிபான் போராளிகளை எதிர்ப்பது இன்னொரு வேலை. ஒரு நாட்டுக்கு நேர்மையான அரசாங்கத்தை உருவாக்கித் தருவதோ ராணுவத்தால் செய்யக்கூடிய வேலையா என்பதே கேள்விக்குரியது.

அந்த மூன்றாவது வேலைதான் மற்ற இரண்டையும் தாங்க வேண்டிய தூண். அது எந்த நிலையில் இருந்தது? 2009 ஆகஸ்ட்டில் நடந்த ஆப்கானிய அதிபர் தேர்தலில் மோசடி காரணமாக ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. காபூலில் இருந்த அமெரிக்கத் தூதர் கார்ல் ஐகன்பெரி, முன்பு அதே நாட்டில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். அவர் நவம்பரில் வாஷிங்டனுக்கு இரகசியத் தகவல் அனுப்பினார். அதிபர் ஹமீத் கர்சாய் நம்பத்தகுந்த பங்காளி அல்லர் என்றும், கூடுதல் படைகள் வந்தால் ஆப்கானிய அரசு இன்னும் அதிகமாக அமெரிக்காவைச் சார்ந்திருக்கும் என்றும் அவர் எச்சரித்தார்.

எங்கள் வகுப்பில் ஐகன்பெரியாக நடித்த நண்பருக்கு நாங்கள் இரண்டு நிமிடம்தான் கொடுத்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

30,000 பேர் என்றால் எவ்வளவு? காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கின் இருக்கைகளில் பாதிக்கும் மேல் நிரம்பும். ஒரு வீரரை ஆப்கானிஸ்தானில் ஓராண்டு வைத்திருக்க ஏறத்தாழ ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் செலவாகும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அதாவது, கூடுதல் படைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 30 பில்லியன் டாலர். ஒபாமாவும் தம் உரையில் அந்தத் தொகையையே குறிப்பிட்டார். அதே ஆண்டில் ஆப்கானிஸ்தானின் மொத்தப் பொருளியல் உற்பத்தி சுமார் 12 பில்லியன் டாலர்தான். ஒரு நாடு முழுவதும் ஓராண்டு உழைத்து ஈட்டியதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான பணம் அது.

இவ்வளவு செலவுக்குக் காரணம் புவியியல். ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை இல்லை. பொருள்களில் பெரும்பகுதி கராச்சியில் இறங்கி, பாகிஸ்தான் வழியாக லாரிகளில் செல்ல வேண்டும். படை பெரிதாகப் பெரிதாக அந்தச் சாலையைச் சார்ந்திருப்பதும் கூடியது. 2011 நவம்பரில் நேட்டோ தாக்குதலில் பாகிஸ்தானிய வீரர்கள் 24 பேர் இறந்ததும், பாகிஸ்தான் அந்தப் பாதையை ஏழு மாதங்களுக்கு மூடியது. மாற்றுப் பாதைகளால் மாதத்துக்கு 100 மில்லியன் டாலர் கூடுதலாகச் செலவானது என அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் கூறினார். தலிபான் தலைவர்கள் பதுங்கியிருந்த நாட்டின் தயவிலேயே படைகளின் உணவும் எரிபொருளும் இருந்தன.

பணத்தை விடுவோம். கூடுதல் படைகள் வந்திறங்கிய 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 500 அமெரிக்க வீரர்கள் மடிந்தனர். அந்தப் போரின் எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் இறந்ததில்லை. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கணக்குப்படி அதே ஆண்டில் 2,777 ஆப்கானியப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். மறு ஆண்டில் 3,021 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தலிபானும் மற்றப் போராளிக் குழுக்களும்தான். ஆனாலும் கண்ணிவெடி புதைந்த சாலையில் நடக்கும் ஒரு விவசாயிக்கு, போர் பெரிதானது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரும் அந்தப் போரின் ஓரத்தில் இருந்தது. 2007 முதல் 2013 வரை நமது ஆயுதப்படையினர் 492 பேர் அங்கே பணியாற்றினர். பாமியானில் பல் மருத்துவச் சேவை, உருஸ்கானில் மருத்துவக் குழு, குண்டுவீச்சை முன்கூட்டிக் கண்டறியும் ரேடார், காபூலில் பீரங்கிப் படைப் பயிற்சி என்று அவர்களின் பணிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. தம்பியிடம் இதைச் சொன்னேன். “பல் மருத்துவருக்கு எப்ப வேலை முடியும்னு தெரியும்,” என்றான்.

முடிவுத் தேதி தெரிந்த போர்

திரும்பும் தேதியை முன்கூட்டியே சொன்னதுதான் என்னைக் கவர்ந்த அம்சம். முடிவில்லாத போருக்கு அது கடிவாளம் என்று நினைத்தேன். ஆப்கானிய அரசை விரைவாகச் செயல்படத் தூண்டும் என்பது வெள்ளை மாளிகையின் எண்ணமும்கூட. ஆனால் எதிரியும் அந்த உரையைக் கேட்டான். அவனுக்கு வெல்லவேண்டிய அவசியமில்லை, காத்திருந்தால் போதும்.

ஹெல்மண்ட், காந்தஹார் பகுதிகளில் தலிபான் பின்வாங்கியது உண்மைதான். பின் லாடன் 2011 மே மாதம் கொல்லப்பட்டார். ஆனால் அது நடந்தது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அதைச் செய்தது ஒரு சிறிய சிறப்புப் படை. 2012 செப்டம்பருக்குள் கூடுதல் படைகள் முழுவதுமாகத் திரும்பின. 2020ல் டோஹாவில் அமெரிக்கா தலிபானுடன் ஒப்பந்தம் செய்தது. 2021 ஆகஸ்ட் 15ஆம் தேதி தலிபான் காபூலுக்குள் நுழைந்தது. அதே மாதம் 30ஆம் தேதி கடைசி அமெரிக்க வீரரும் வெளியேறினார்.

அப்போது நான் உயர்நிலை நான்கில் இருந்தேன். விமானத்தைத் துரத்தி ஓடிய மக்களின் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மறுபடியும் வேதியியல் புத்தகத்துக்குத் திரும்பியது நினைவிருக்கிறது.

இருபது ஆண்டுகளில் 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானியப் படையினரும் காவல்துறையினரும் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அமெரிக்கா செலவிட்டது 2.3 டிரில்லியன் டாலர் என்று பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் மதிப்பிட்டுள்ளது.

என் வயதுப் பெண்

இத்துடன் முடித்தால், அனுப்பக்கூடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் என்னைத் தடுக்கும் ஒன்று இருக்கிறது.

காபூலில் என் வயதில் ஒரு பெண் இருப்பாள். வெளிநாட்டுப் படைகள் இருந்த காலத்தில்தான் அவள் பள்ளிக்குச் சென்றிருப்பாள். தலிபான் திரும்பியதும் உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்கு மூடப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. நான் பயிற்சி வகுப்பில் அவளுடைய நாட்டைப் பற்றிக் கை தூக்குகிறேன். அவளால் எந்த வகுப்பிலும் உட்கார முடியாது. போர் அவளுக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒபாமாவின் மூன்று வேலைகளில் அவளுடைய பள்ளி இல்லை. வேறு காரணத்துக்காக அனுப்பப்பட்ட படையின் நிழலில் அது வளர்ந்தது. நிழல் விலகியபோது அதைக் காக்க யாரும் பொறுப்பேற்கவில்லை. சொல்லப்படாத நோக்கத்துக்கு யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதை அவளிடமிருந்துதான் நான் கற்றேன்.

இன்னொன்றும் உண்டு. 2022 ஜூலை இறுதியில் அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஸவாஹிரி காபூல் நகருக்குள்ளேயே ஆளில்லா வானூர்தித் தாக்குதலில் கொல்லப்பட்டார். தலிபான் திரும்பினால் அல்-காய்தாவும் திரும்பும் என்ற என் வாதம் முற்றிலும் தவறில்லை என்பதற்கு அது சான்று. அதே சமயம், ஒரு படைவீரர்கூட அந்நாட்டில் நிறுத்தப்படாமல் அவரை எட்ட முடிந்தது என்பதற்கும் அதுவே சான்று.

சென்ற வாரம் எங்கள் நிலைப்பாட்டை மறுபடியும் எழுதித் தரச் சொன்னார் விரிவுரையாளர். இம்முறை 30,000 பேரை அனுப்ப நான் ஒப்புக்கொள்ளவில்லை. அல்-காய்தாவைத் தேடும் சிறிய படை, ஆப்கானியப் படைகளுக்குப் பயிற்சி, அத்துடன் நிறுத்தலாம் என்று எழுதினேன். அதனால் சில மாவட்டங்கள் தலிபானிடம் விழும், அங்குள்ள பெண்கள் அதற்கு விலை கொடுப்பார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதினேன். அதை எழுதாமல் விட்டிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்காது. ஆனால் தம்பியின் கேள்விக்கு மறுபடியும் பாதி விடைதான் தந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் முகாமுக்குக் கிளம்பினான். யீஷூன் நிலையம்வரை உடன் நடந்தேன். சீருடையில் இன்னும் நான்கைந்து பேர் பைகளுடன் நுழைவாயிலில் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். வகுப்பில் நான் கை தூக்கியபோது இவர்களில் ஒருவரின் முகம்கூட என் மனத்தில் வரவில்லை.