இமயமலைக்கு அவசரமில்லை

வயதான பெற்றோரின் முதல் மலைப் பயணம் ஓட்டப் பந்தயம் ஆகாமலிருக்கச் சில யோசனைகள்

முதல் நாள் தில்லி. இரண்டாம் நாள் சிம்லா. மூன்றாம் நாள் குஃப்ரி. நான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி சுமார் 250 கி.மீ. தள்ளியிருக்கும் மனாலி. ஐந்தாம் நாள் ரோதாங் கணவாய். ஆறாம் நாள் மூட்டை முடிச்சுடன் மறுபடி தில்லி. கோடைக்கால ஹிமாச்சலப் பிரதேசம் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்படுகிறது. முப்பது வயதுக்காரர் தாங்கிக்கொள்வார். ஆனால் மூட்டுவலியும் ரத்த அழுத்த மாத்திரையும் துணைக்கு வர, எழுபது வயதில் முதன்முறையாக இமயமலையைப் பார்க்கப் போகிறவருக்கு இது தண்டனை.

பிள்ளைகள் வேண்டுமென்று செய்வதில்லை. படிப்புச் செலவு, கல்யாணச் செலவு என்று தள்ளிப்போய், ஓய்வு பெற்ற பிறகு பெற்றோருக்கு வாய்க்கும் பயணம் இது. இன்னொரு தடவை அமையுமா என்பது யாருக்கும் தெரியாது. அதனாலேயே எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிக்கிறார்கள். கடைசியில் பெரியவர்களின் நினைவில் தங்குவது மலையல்ல, வளைவுகளும் வாந்தியும்தான்.

சில வருடங்களுக்கு முன்பு நானும் இதே தவறைச் செய்தேன். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை: பனியைப் பார்க்க வேண்டும். இரண்டே நாளில் ரோதாங்கிற்குக் கூட்டிப்போனேன். நீண்ட வாகன வரிசையில் ஊர்ந்து மேலே சேர்ந்தபோது அவருக்குக் கடும் தலைவலி. வண்டியை விட்டு இறங்கவேயில்லை. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். "கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சிருந்துது. உள்ளேயிருந்து என்னத்தைப் பார்க்கிறது?" என்றார். புகார் தொனியே இல்லை. அதுதான் சுட்டது.

உயரம் என்ற கணக்கு

சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் அதற்குக் கிட்டத்தட்ட சமம். ரோதாங்கின் உயரம் 3,978 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் ஐந்தில் மூன்று பங்குதான். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகே உயர நோய் தலைகாட்டும்: தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. இதற்கு வயது மட்டும் காரணமல்ல. வேகமாக ஏறுவதுதான் முக்கியக் காரணம். ஆனால் இதயத்திலோ நுரையீரலிலோ ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு அந்த உயரம் கூடுதல் சுமை.

எனவே முதல் பயணத்துக்கு விதி எளியது: 2,500 மீட்டருக்குக் கீழே ஒரே ஊர், குறைந்தது ஐந்து இரவு. லே நகரத்தை விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சுமார் 3,500 மீட்டர் உயரம். உடம்பு அங்கே போய்ச் சேர மேலும் இரண்டு நாள் ஆகும். கிளம்பும் முன் எந்த ஊர், எவ்வளவு உயரம் என்பதைக் குடும்ப மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஏறும் வழி

கால்காவிலிருந்து சிம்லாவுக்குக் காரில் மூன்று மணி நேரம். சிறிய ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். இருந்தாலும் ரயிலே நல்லது. 1903ல் திறக்கப்பட்ட இந்த 96 கி.மீ. பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். 2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. வேகம் குறைவு என்பதால் தலைசுற்றலும் குறைவு. ஒரு கி.மீ.க்கும் மேல் நீளும் பரோக் சுரங்கத்தை ஒட்டிய நிலையத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். கழிப்பறை உள்ள பெட்டிதானா என்று முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இருவருக்கு மேல் இருந்தால் அது பொருந்தாது. ஆறு பேர் சேர்ந்து போனாலும் பெற்றோர் இருவருக்கும் தனி டிக்கெட் எடுப்பது புத்திசாலித்தனம். தில்லியில் ஓர் இரவு தங்கி ஓய்வெடுத்த பிறகே மலை ஏற வேண்டும்.

எத்தனை படி?

அறை பதிவு செய்யும்போது எல்லோரும் கேட்பது வாடகையையும் வெந்நீரையும். சிம்லாவில் முதலில் கேட்க வேண்டியது வேறு: கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? மால் சாலையில் பொதுமக்களின் வாகனங்களுக்கு அனுமதியில்லை. கீழேயுள்ள கார்ட் ரோட்டிலிருந்து மேலே போகக் கட்டண லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் முடிந்த இடத்தில் மேடு தொடங்கலாம். சன்னல் வழியே பள்ளத்தாக்கு தெரியும் அறையைவிட, படி குறைந்த அறையும் வழுக்காத குளியலறையும் முக்கியம். பெட்டிகளைச் சுமை கூலிகளிடம் கொடுத்துவிடலாம்.

நாளொன்றுக்கு ஓர் இடம் போதும். ஒரு காலை, 1888ல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை. 1945ல் சிம்லா மாநாடு நடந்தது அங்கேதான். குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் எண்ணப்படி 1965 முதல் அது உயர் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது. தோட்டத்தில் உட்கார்ந்தாலே பாதி நாள் போய்விடும். மறுநாள், 1887ல் தொடங்கிய கெய்ட்டி அரங்கம். ஜாக்கூ அனுமார் கோயிலுக்கு ரோப்கார் உண்டு. ஆனால் அங்கே குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போகும். மாற்றுக்கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது. மால் சாலை இந்தியன் காபி ஹவுஸில் தோசை கிடைக்கும். நம் ஊர் தோசையோடு ஒப்பிடாதிருந்தால் திருப்தியாகச் சாப்பிடலாம்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: மருந்துப் பெயர் தெளிவாக எழுதிய சீட்டு, பத்து நாளுக்கு மேல் தாங்கும் மாத்திரைகள், ஒரு கம்பளிக் குல்லா. மே மாதத்திலும் இரவில் குளிரும். குளிர் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. பெரியவர்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. மலையின் வறண்ட காற்றில் இது ஆபத்து. வழியில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்பதையும் திட்டத்தில் எழுதிவிட்டால் இந்தப் பயம் போகும்.

கூட்டத்துக்கு முன்பே

வட இந்தியப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் மலைப்பாதைகள் திணறுகின்றன. 2018 மே மாதக் கடைசியில் சிம்லாவில் குழாய்கள் வறண்டு, தண்ணீர் லாரிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். மழைக்காலம் இன்னொரு கவலை. 2023 ஆகஸ்டில் நிலச்சரிவில் சிறிய ரயிலின் தண்டவாளமே அந்தரத்தில் தொங்கியது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பள்ளி நாட்காட்டி தேவையில்லை. ஏப்ரல் பின்பாதியிலோ மே தொடக்கத்திலோ, வார நாட்களில் போய்வரலாம்.

பனி? சிம்லாவில் கோடையில் அது கிடையாது. ஆனால் வானம் தெளிந்திருந்தால் ரிட்ஜ் மைதானத்திலிருந்து தொலைவில் பனிமலைத் தொடர் தெரியும்.

இரண்டாவது முறை அம்மாவை சிம்லாவுக்கு மட்டும் கூட்டிப்போனேன். மூன்று நாள் வெறும் மூட்டம். நான்காம் நாள் இரவு மழை பெய்தது. விடிந்ததும் மெல்ல நடந்து ரிட்ஜில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வடக்கே வெள்ளையாக ஒரு கோடு. "மேகமா?" என்றார். இல்லை என்றேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதன் பிறகு அரை மணி நேரம் பேசவில்லை.

அன்று பகலில் குஃப்ரி போவதாக இருந்தது. போகவில்லை.