கொலை உள்ளே, கூத்து குழியிலே!

முதலில் ஒரு ரகசியம். ‘எலெக்ட்ரா’ ஓபராவில் இரண்டு கொலைகள். எவ்வளவு காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும் இரண்டும் கண்ணில் படாது. முதல் கொலை முழுக்க முழுக்கக் கதவுக்கு அந்தப் பக்கம். இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர் ஜன்னலில் தலையை நீட்டி உதவி கேட்டுக் கத்துவார்; அப்புறம் ஆளைக் காணோம். விஷயமெல்லாம் பின்னால்தான் நடக்கிறது என்றால் நமக்கு முன்னால் என்ன வேலை? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக நுழைவோம்.

இடம்: ஜெர்மனி, டிரெஸ்டன் நகரின் அரசவை ஓபரா அரங்கம். காலம்: 1909 ஜனவரி. 25ஆம் தேதி முதல் காட்சி. ஒத்திகை மும்முரம்.

உள்ளே போவதற்குள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராய் போர் முடிந்து ஊர் திரும்பிய அரசன் அகமெம்னானை, மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் அவள் கள்ளக்காதலன் ஏகிஸ்தஸும் சேர்ந்து தீர்த்துக்கட்டிவிட்டார்கள். பழிவாங்கத் தம்பி ஒரெஸ்டஸ் வருவான் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள் மகள் எலெக்ட்ரா. தங்கை க்ரிசோதெமிஸுக்கோ கல்யாணம், குழந்தை என்று நிம்மதியாக இருந்தால் போதும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் சோஃபக்ளீஸ் எழுதிய நாடகம் இது. கொலையை மேடையில் காட்டுவது கிரேக்கர்களுக்கு வழக்கமில்லை. கதவு மூடும், உள்ளிருந்து அலறல் கேட்கும், பிறகு பிணம் வெளியே வரும்.

1903இல் வியன்னாக் கவிஞர் ஹூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தால் இந்த நாடகத்தில் கை வைத்தார். கூட்டமாகப் பாடும் கோரஸை அப்படியே தூக்கிவிட்டு, ஐந்து வேலைக்காரிகளை வாசலில் வம்பளக்க விட்டார். அப்பாவை வெட்டிய கோடரியை எலெக்ட்ரா மண்ணில் புதைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்றார். பழி தீர்ந்ததும் அவள் வெறியாட்டம் ஆடிச் செத்து விழுவதும் இவர் கைவண்ணம்தான். சோஃபக்ளீஸின் எலெக்ட்ரா சாகவில்லை.

பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் மேடையேற்றிய அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு மயங்கியவர் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ஆனால் கொஞ்சம் தயக்கம். 1905இல்தான் இதே டிரெஸ்டனில் அவருடைய ‘சலோமே’ அரங்கேறி ஊரையே இரண்டாக்கியிருந்தது. மறுபடியும் ஒரு வெறிபிடித்த பெண், மறுபடியும் ஒரு நடனம், மறுபடியும் ரத்தமா? ‘சலோமே’ இவருக்குக் கெடுதல்தான் செய்யும் என்று ஜெர்மன் பேரரசர் சொன்னாராம். அந்தக் கெடுதலில் கிடைத்த பணத்தில்தான் கார்மிஷில் வீடு கட்டினேன் என்று ஸ்ட்ராஸ் பிற்பாடு சிரித்தார். தயக்கத்தை உதறிவிட்டு ‘எலெக்ட்ரா’வை 1908 செப்டம்பரில் முடித்ததும் அந்த ஊரில்தான்.

இசை எழுதும் நடுவில் கவிஞருக்கு ஒரு கடிதம் பறந்தது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் இடத்துக்கு இன்னும் சில வரிகள் வேண்டும், முடிந்த அளவு எழுதி அனுப்புங்கள் என்று. வந்து சேர்ந்த வரிகளுக்கு ஸ்ட்ராஸ் போட்ட மெட்டுதான் இந்த ரத்தக்களரிக்கு நடுவே மனத்தை உருக்கிவிடுகிற பகுதி.

சரி, மேடைக்கு முன்னால் பள்ளத்தில் இருக்கும் வாத்தியக் குழிக்குள் எட்டிப் பாருங்கள். அடேயப்பா! நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தி தோற்றது போங்கள். வயலின்காரர்கள் மட்டும் 24 பேர். வழக்கமாக இரண்டு அணி, இங்கே மூன்று. வயோலாக்காரர்கள் 18 பேர். அவர்களிலும் முதல் அணிக்கு நிம்மதியில்லை. திடீரென்று வயோலாவைக் கீழே வைத்துவிட்டு வயலினை எடுத்து நான்காவது வயலின் அணியாக மாற வேண்டும். கிளாரினெட் குடும்பத்தில் கீச்சுக்குரல் குட்டி முதல் அடித்தொண்டைப் பெரியவர் வரை எட்டு. கொம்பு ஊதும் எட்டுப் பேரில் நான்கு பேர் இடையிடையே அதை வைத்துவிட்டு வாக்னர் டியூபா என்ற இன்னொரு ஊது வாத்தியத்தைத் தூக்க வேண்டும். அந்த ஓரத்தில் கட்டாகக் குச்சிகளை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் விளக்குமாறு விற்க வந்தவர் இல்லை. அதுவும் ஒரு வாத்தியம். சுளீர் சுளீரென்று அடிப்பார்.

இத்தனை பேரும் தயாரா? முன்னிசை என்று எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே மொத்தக் குழியும் ஓர் அடி அடிக்கும். ‘அ-க-மெம்-னான்’ என்று செத்துப்போன ராஜாவின் பெயரைத்தான் வாத்தியங்கள் உச்சரிக்கின்றன. மேடைக்கே வராத அந்த மனிதர் கடைசி வரை இந்த நாலு சுரத்தில்தான் ஆட்சி செய்கிறார். உள்ளே நடக்கிற கொலையைக் கிரேக்கர்கள் கதவுக்குப் பின்னால் ஒளித்தார்கள்; ஸ்ட்ராஸ் அதை எடுத்துக் குழிக்குள் போட்டுவிட்டார். பயம், வெறி, கெட்ட கனவு எல்லாமே கீழேதான் கொதிக்கின்றன.

இப்போது ஒத்திகை வம்பு. கிளைடெம்னெஸ்ட்ராவாகப் பாட வந்திருப்பவர் எர்னஸ்டின் ஷூமன்-ஹைங்க். தூக்கம் வராமல் தவிக்கும் ராணி, உடம்பெல்லாம் தாயத்து. வாத்தியங்களை நடத்துபவர் எர்ன்ஸ்ட் ஃபான் ஷூஹ். பாடுகிறவர் குரல் அமுங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடத்துகிற மனிதர். அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ட்ராஸோ, “இன்னும் பலமா, இன்னும் பலமா! ஹைங்கோட குரல் எனக்கு இன்னும் கேட்குதே!” என்று கத்தினாராம். ராணியின் பலி ஊர்வலத்துக்கு நிஜ ஆடு, நிஜ எருது வேண்டும் என்று அடம்பிடித்தார் என்றும், இந்த இசையைக் கேட்டு அவை மிரண்டால் யார் பொறுப்பு என்று மேடை இயக்குநர் பதறினார் என்றும் இன்னொரு கதை. ஹைங்க் அம்மாள் முதல் காட்சியோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நாங்களெல்லாம் பைத்தியக்காரிகளாக ஆகிவிட்டோம் என்று பிறகு புலம்பினார். அந்த ஸ்ட்ராஸே பிற்காலத்தில் இளம் இசை நடத்துநர்களுக்குச் சொன்ன புத்திமதியைக் கேளுங்கள்: ‘எலெக்ட்ரா’வை இசையமைப்பாளர் மெண்டல்சோனின் தேவதைக் கதை இசை மாதிரி மென்மையாக நடத்த வேண்டுமாம்!

எலெக்ட்ராவாகப் பாடுகிறவர் பாடு இன்னும் திண்டாட்டம். ஐந்து வேலைக்காரிகள் வம்பு பேசி முடித்ததும் மேடைக்கு வருபவர், இசை முடியும் வரை உள்ளே போக வழியில்லை. ஏறக்குறைய 100 நிமிடம், இடைவேளை கிடையாது. தொண்டை வறண்டால்? செட்டில் எங்காவது பாறை இடுக்கிலோ தூண் மறைவிலோ தண்ணீரை ஒளித்து வைப்பது இந்த மாதிரி வேடங்களுக்கு வழக்கம். டிரெஸ்டனில் முதன்முதலில் இதைச் சமாளித்தவர் அன்னி க்ருல். 1910இல் நியூயார்க்கில் பாடிய மரியெட் மாஸரின், திரை விழுந்ததும் மயங்கி விழுந்தார்.

அந்தக் கொலை நேரத்துக்கு வருவோம். இன்றைய அரங்கமாக இருந்தால் மேடையின் பக்கவாட்டில் ஒரு சின்ன டிவி இருக்கும். குழியில் நடத்துபவரின் கை அதில் தெரியும். கொலையாகப் போகிற ராணி அதன் எதிரே நின்று, கையசைவைப் பார்த்துச் சரியான இடத்தில் அலறுவார். வெளியே எலெக்ட்ரா தவித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் தெரியுமா? இத்தனை வருடம் பாதுகாத்த கோடரியைத் தம்பியிடம் கொடுக்க மறந்துவிட்டாள்! காத்திருந்ததே வாழ்க்கையாகிப் போனவள், காரியம் நடக்கும்போது கோட்டைவிடுகிறாள். கிரேக்க நாடகத்தில் இல்லாத இந்த ஒரு மறதிக்காகவே ஹோஃப்மன்ஸ்தாலுக்கு ஒரு மாலை போடலாம்.

எலெக்ட்ரா வேடம் பாடகிகளை விடுவதும் இல்லை. லியோனி ரிசானெக் பல ஆண்டுகள் தங்கை க்ரிசோதெமிஸாகவே புகழ்பெற்றவர். 1981இல் கார்ல் ப்யோம் வாத்தியங்களை நடத்த, கோட்ஸ் ஃப்ரீட்ரிஹ் எடுத்த படத்துக்காக எலெக்ட்ராவாகப் பாடினார். அதே ஆண்டு ப்யோம் காலமானார். ரிசானெக் பின்னாளில் கிளைடெம்னெஸ்ட்ராவாகவும் பாடி, அந்தக் குடும்பத்துப் பெண்கள் மூவரையும் ஒரு கை பார்த்துவிட்டார். 2013இல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவில் பாத்ரிஸ் ஷெரோ இயக்கியபோது, முதல் அடி விழுவதற்கு முன்னால் வேலைக்காரிகள் முற்றம் பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சரட் சரட். அப்புறம்தான் இடி. ஷெரோவின் கடைசி ஓபரா அதுதான்.

பார்க்கப் போகிறீர்களா? மூன்று விஷயம். ஒன்று, இடைவேளை இல்லை. எல்லா வேலையையும் முடித்துவிட்டு உட்காருங்கள். இரண்டு, கதையை முன்பே படித்துவிட்டுப் போங்கள். யார் யாரைக் கொல்வார்கள் என்பது இங்கே சஸ்பென்ஸே இல்லை. மூன்று, நல்ல டிக்கெட் என்று கீழ்வரிசைக்கு ஓடாதீர்கள். மாடியில் குழி தெரிகிற மாதிரி ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். உண்மையான ‘எலெக்ட்ரா’ நடப்பது அங்கேதான்.