மெருகு கூடுகிறது, பூச்சு குறைகிறது

காருக்கு மெருகு போடுவது என்றால் எண்ணெயோ மெழுகோ பூசிப் பளபளப்பை வரவழைப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பட்டறைகளில் 'கம்பவுண்ட்' என்று சொல்லப்படும் பசை பூசுவதற்கான பொருள் அன்று. தேய்த்து எடுப்பதற்கான பொருள். ஒவ்வொரு முறையும் காரின் மேற்பூச்சில் மெல்லிய படலம் ஒன்று குறைகிறது. அதனால்தான் பளபளப்பு கூடுகிறது. இது தெரியாமல் நல்ல காரைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

மலாக்கா தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பால்மரம் சீவுகிறவர் பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். காரின் பூச்சும் அப்படித்தான். வேறுபாடு ஒன்றே. சரியாகச் சீவிய மரத்தில் பட்டை மீண்டும் வளரும். காரின் பூச்சு வளராது.

ஒரு தாளின் கனம்

இன்றைய கார்களின் தகரத்தின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பூச்சு என நான்கு அடுக்குகள் உள்ளன. நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ ஓர் எழுதும் தாளின் கனம்தான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரோன் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரோன்.

கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழேயுள்ள நிறத்தைக் காப்பது இந்த மேற்பூச்சுதான். அது தேய்ந்துபோனால் நிறம் வெளுக்கும்; பூச்சு செதில் செதிலாக உரியும். அதன் பிறகு எந்தக் கம்பவுண்டும் உதவாது. மறுபடியும் சாயம் அடிப்பதே வழி.

கீறல் வருவது எதனால்?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கிளப்பும் செம்மண் தூசியில் நுண்ணிய மணலும் கலந்திருக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலுக்கு 7. எண்ணெய் ஆலைக் கொதிகலன் சாம்பலிலும் இதே வகைத் துகள்கள் உண்டு. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பவர் தம் கையாலேயே காரைக் கீறுகிறார். வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கோடுகள் பெரும்பாலும் இப்படி வந்தவையே.

கம்பவுண்ட் இந்தக் கீறல்களை அடைப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பையும் அதே ஆழத்துக்கு இறக்கிச் சமமாக்குகிறது. 3 மைக்ரோன் ஆழமுள்ள கீறல் முழுதாக மறைய வேண்டுமானால் சுற்றிலும் 3 மைக்ரோன் போக வேண்டும். நகத்தால் வருடும்போது நகம் சிக்கும் கீறலை மெருகால் போக்க முயல்வது ஆபத்து.

தமிழ்ப் பெயர் கொண்ட கல்

இந்தப் பசையில் தேய்க்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடுத் துகள். இயற்கையில் இது கல்லாகக் கிடைக்கும்போது ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பர். அச்சொல் தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து பிறந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் இந்தக் கல் கிடைக்கிறது. குருந்தப் பொடியை அரக்கோடு கலந்து சாணைச் சக்கரம் செய்வது இந்தியாவின் பழைய கைத்தொழில். இதன் கடினம் 9. வைரம் மட்டுமே 10. மாணிக்கமும் நீலமும் இதே இனக் கற்கள்தாம்.

இன்று பசைக்கு வேண்டிய துகள் ஆலைகளில் செய்யப்படுகிறது. 2000ஆம் எண் உப்புத்தாளின் துகள் சுமார் 10 மைக்ரோன். கம்பவுண்டில் அதைவிடச் சிறிய துகள்களும், இறுதி மெருகுப் பசையில் மிக நுண்ணிய துகள்களும் இருக்கும். சில வகைத் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். அவ்வகைப் பசையைப் பாதியில் துடைத்துவிட்டால் மங்கல் மிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் காரைக் கழுவி மணலை முற்றாக நீக்க வேண்டும். வெயிலிலோ சூடான தகரத்தின் மீதோ தேய்க்கக் கூடாது. முனைகளிலும் மடிப்புகளிலும் பூச்சு எளிதில் தேய்ந்துவிடும். அங்கே இயந்திரத்தை அழுத்தாமல் இருப்பது நல்லது. எப்போதும் மென்மையான பசையில் தொடங்கி, மறைவான ஓரிடத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டுமே கடுமையான பசைக்குப் போக வேண்டும். பழைய கார்கள் சிலவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சாக இருக்கும். தேய்க்கும் துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது அந்த வகை.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எண்ணெயும் மெழுகும் கலந்த சில பசைகள் கீறலைத் தற்காலிகமாக மறைக்கும். நான்கைந்து முறை கழுவினால் கோடுகள் திரும்பி வரும். தவணை முறையில் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டப்போகும் குடும்பம், நிழலில் நிற்கும் காரைப் பார்த்து மயங்காமல், வெளியே கொண்டுவரச் செய்து வெயிலில் பார்ப்பது நல்லது. பட்டறைகளில் பூச்சின் கனத்தை அளக்கும் கருவி உண்டு. அதைக் காரின் பல இடங்களில் வைத்துப் பார்த்தால், மறுசாயம் அடித்த இடமும் அதிகம் தேய்ந்த இடமும் தெரிந்துவிடும்.

கார் கழுவும் நிலையங்களில் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள் இந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டால் கூலி வேலையோடு நின்றுவிட வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பிடித்து ஓட்ட ஒரு நாளில் பழகிவிடலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்கத்தான் காலம் பிடிக்கும். வாடிக்கையாளர் நம்பிக் காசு கொடுப்பதும் அந்தக் கைப்பக்குவத்திற்குத்தான்.