சென்னையில் எந்தப் பேட்டையில் குடியேறலாம்?

கோடை விடுமுறை முடியுமுன் ஆண்டுதோறும் நம் பங்குகளிலிருந்து சில குடும்பங்கள் சென்னைக்குப் புறப்படுகின்றன. மகனுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கும். மகளுக்கு நுங்கம்பாக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். அல்லது ஓய்வுபெற்ற தாய் தந்தையர் பிள்ளைகளோடு வந்து இருக்க விரும்பியிருப்பர். நெடுங்காலமாகச் சென்னைவாசிகளாகிய நம்மிடம் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, வாடகை எவ்வளவு என்பது. அடுத்தது, பக்கத்தில் கோவில் இருக்கிறதா என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தத் தெருவில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? அந்த வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

சென்னை மாநகர் மேசைபோலத் தட்டையானது. கடல் மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரம் ஆறேழு மீட்டர்தான். ஆகவே, பிற ஊர்களில் கண்ணுக்கே புலப்படாத மூன்றடி மேடு இங்கே ஒரு குடும்பத்தின் கட்டில், பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். அந்த மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். வீட்டுக்காரரும் சொல்லமாட்டார். ஊரின் பெயர் சில வேளைகளில் சொல்லும்.

சென்னையில் "நீங்கள் எந்த ஏரியா?" என்று கேட்பது வழக்கம். அது ஆங்கிலச் சொல்தான். எனினும் நகரின் பல பகுதிகளில் அக்கேள்விக்கு, "ஆம், ஏரிதான்" என்று விடை சொன்னாலும் தவறில்லை. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியின்மேல் உருவாக்கப்பெற்றது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர் மட்டும் அதற்குச் சாட்சியாக எஞ்சியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் ஏரியிருந்த நிலத்தில்தான் நிற்கிறது. ஏறத்தாழ நூறாண்டுகள் சென்ற பின்னும், 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நீர் வடியாமல் நின்றதைக் கண்டோம். தொண்டை நாட்டு வழக்கில் "தாங்கல்" என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய பெயர்களைக் கேட்டவுடன் வாசகர்கள் ஒரு கணம் நின்று விசாரிக்க வேண்டும். ரெட்டேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இத்தகைய பெயருள்ள இடங்களை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அவற்றுள்ளும் மேட்டுத் தெருக்கள் உண்டு. பல்லாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. பெயர் எச்சரித்த பின்பும் விசாரியாமல் முன்பணம் கொடுப்பதுதான் பேதைமை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் இரு நாள்களை நகரமக்கள் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராசபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கும் புகுந்தது. ஏழை, செல்வர் என்று அது பார்க்கவில்லை. ஆனால் தரைத்தளத்தில் இருந்தோர், மாடியில் இருந்தோர் என்று பார்த்தது. முதியோரைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடியேறிய குடும்பங்கள் எத்தனையோ!

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதியின் கதை வேறு. அங்கே ஆறு இல்லை. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்லவேண்டும். சதுப்புநிலத்தின் பெரும்பகுதியில் இன்று சாலைகளும் கட்டடங்களும் நிற்கின்றன, குப்பைமேடும் இருக்கிறது. எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. அது நல்ல செய்தியே. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில் மீண்டும் படகுகள் ஓடின. பறக்கும் ரயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, எல்லா வசதியும் இருக்கிறது என்று அப்பகுதியைப் புகழ்வோர் பலர். அந்த வசதிகள் உண்மையே. இருப்பினும் அங்கே தரைத்தளத்தில் வீடு எடுக்க நாம் எவருக்கும் ஆலோசனை கூறமாட்டோம்.

வெள்ளத்தால் வாடும் இதே நகர்தான் 2019 கோடையில் தாகத்தால் வாடியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அந்நாள்களில் யார் வீட்டில் அமைதி இருந்தது என்று கேட்டால், பழைய நகரின் உட்பகுதிகளில் மாநகராட்சிக் குழாயும் கிணறும் சேர்ந்திருந்த வீடுகளில் எனலாம். பழைய மகாபலிபுரம் சாலையின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கியே நாளைக் கழித்தன. அங்கே தோட்டம் உண்டு, நீச்சல் குளமும் உண்டு. குழாயில்தான் நீர் இல்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் பெருகியிருப்பதால் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. எனினும், "மெட்ரோ தண்ணீர் இணைப்பு இந்த வீட்டுக்கு உண்டா, அல்லது தெருவரைதான் வந்திருக்கிறதா?" என்று கேட்டு, குழாயைத் திறந்து பார்த்தபின்பே அடுத்த பேச்சைத் தொடங்கவேண்டும்.

இவற்றையெல்லாம் எவ்வாறு அறிவது? வீடு பார்க்க மக்கள் மே மாதத்தில் வருகிறார்கள். அப்போது எல்லாத் தெருக்களும் மேடாகத்தான் தோன்றும். இயலுமாயின் ஐப்பசி, கார்த்திகையில், பெருமழை பெய்த மறுநாள் வந்து பாருங்கள். முடியாவிடில், மதிற்சுவரிலும் மின்மீட்டர்ப் பெட்டியின் கீழும் நீர்க்கறை படிந்த கோடு இருக்கிறதா என்று கவனியுங்கள். சாலையைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலும் மேலும் தார் போட்டதால், ஒருகாலத்தில் நான்கு படி ஏறிச் சென்ற வீடுகள் சில, இன்று இரண்டு படி இறங்கிச் செல்லும் வீடுகளாகிவிட்டன. பிறகு தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவரிடம் சென்று பேசுங்கள். எந்த வீட்டில் குடித்தனக்காரர் நிலைப்பதில்லை, எந்தத் தெருவில் முழங்காலளவு நீர் நிற்கும், எந்த நேரத்தில் தண்ணீர் லாரி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உண்மையை மறைப்பதால் அவருக்கு ஆதாயமும் இல்லை.

நீருக்கு அடுத்தபடியாக ரயிலைப் பாருங்கள். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள சிறிய வீடு, இரு பேருந்து மாறிச் செல்லவேண்டிய பெரிய வீட்டைக் காட்டிலும் மேலானது என்பது நமது உறுதியான கருத்து. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. சீசன் டிக்கெட்டுக்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து திரும்பும் மகளுக்கு, வெளிச்சமும் கடைகளும் உள்ள பத்து நிமிட நடைபாதை எத்தகைய பாதுகாப்பு என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த வழியைப் பகலில் பார்த்தால் போதாது. இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

இனி, பேட்டைகளைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நடுத்தரக் குடும்பங்களுக்கு நாம் முதலில் காட்டும் இடம் பெரம்பூர். "வடசென்னையா?" என்று முகம் சுளிப்போர் உளர். அவர்களிற் பலர் அங்கே சென்றதில்லை. ரயில்வேத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த பகுதி அது. ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. மாதச் சம்பளக்காரர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்கள் ஆதலின் பள்ளி, சந்தை, மருத்துவர் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. சென்ட்ரலுக்கும் அம்பத்தூருக்கும் ஒரே ரயில். லூர்து அன்னை திருத்தலத்தை நம் வாசகர்கள் அறிவர். தென்சென்னையோடு ஒப்பிட்டால் வாடகை இதமானது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் நீர் தேங்கும் தெருக்களை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். இன்னும் வடக்கே, எண்ணூர், மணலிப் பக்கம் தொழிற்சாலைப் புகையை எண்ணித் தயங்குகிறோம். 2023 வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து மீனவர்கள் பட்ட பாட்டை நாடறியும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தென் மாவட்டங்களிலிருந்து வருவோர்க்குப் பரங்கிமலையிலிருந்து கிழக்குத் தாம்பரம் வரையுள்ள ரயிற்பாதையோரம் ஏற்றது. பரங்கிமலையில் மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கின்றன. சொந்த ஊருக்குச் செல்லும் பேருந்துகளோ, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அது கோயம்பேட்டுப் பக்கம் இருப்போர்க்குத் தொல்லை, தாம்பரத்தார்க்கு வசதி. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியில் மட்டும் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைப் பல இடங்களில் கெடுத்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ப் பக்கம் போகும்போது முன்பு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்.

அண்ணா நகர் வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு அமைத்த பகுதி. அகன்ற சாலைகள், மரங்கள், மெட்ரோ எல்லாம் உண்டு. வாடகையும் அதற்கேற்ப உண்டு. சாந்தோம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஆகியவை கடலோர மணல்மேட்டில் அமைந்த பழைய ஊர்கள். மழைநீர் மண்ணுள் இறங்கிவிடும். பழைய வீடு, குறுகிய தெரு, வண்டி நிறுத்த இடமில்லை என்னும் குறைகளைப் பொறுத்துக்கொள்வோர்க்கு அவற்றைப்போன்ற இடமில்லை. பெசன்ட் நகரைப் பற்றித்தான் நம்மவர் அதிகம் கேட்கிறார்கள். வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தின் அருகே வீடு வேண்டுமென்பது அவர்கள் ஆசை. ஆசை நல்லதே. ஆனால் அங்கே ரயில் இல்லை. நடுத்தரக் குடும்பத்தால் தாங்கக்கூடிய வாடகையும் இல்லை. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா நாள்களில் வீட்டுக்கு வரும் விருந்தினரின் வண்டியைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவர இயலாது. திருத்தலத்துக்கு ஆண்டில் சில நாள்கள் செல்கிறோம். பங்குக் கோவிலுக்கோ வாரந்தோறும் செல்லவேண்டும். பிள்ளைகள் தாமாக நடந்து மறைக்கல்விக்குச் செல்லக்கூடிய சாதாரணப் பங்குக் கோவில் ஒன்று அருகில் இருந்தால் போதுமானது. சென்னையில் அது அரிதன்று.

கசப்பான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில தெருக்களில் "சைவ உணவினருக்கு மட்டும்" என்னும் பலகையைக் காண்பீர்கள். சில வீட்டுக்காரர்கள் பலகை வைக்காமல், பெயரைக் கேட்டவுடன், "வீடு நேற்றே போய்விட்டது" என்பர். அங்கே வாதாடி வீடு பெறுவதில் பயனில்லை. மீன்குழம்பு வைக்கும் ஒவ்வொரு நாளும் சன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வது என்ன வாழ்வு? ஆயினும் அந்த மனத்தாங்கலால், நம்மவர் மட்டுமே இருக்கும் குடியிருப்பைத் தேடி அலையவும் வேண்டாம். 2015-இல் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் மசூதித் தெருக்காரர்கள். படகு கொண்டுவந்தவர்கள் மீனவக் குப்பத்தினர். பல சமயத்தாரும் கலந்து வாழும் தெருவில் பிள்ளைகள் வளர்வதை நாம் விரும்புகிறோம்.

எந்தப் பேட்டையைத் தேர்ந்தாலும் முதலாண்டு வாடகைக்கே இருங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கே கழியுமுன் இருபதாண்டுக் கடன் வாங்கி வீடு வாங்காதீர்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக உடன்படிக்கை செய்துகொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். முற்றிலும் இணங்காவிடினும் பலர் குறைத்துக்கொள்வர். உடன்படிக்கையை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். கையொப்பமிடுமுன் கீழே இறங்கி, சம்ப் மூடியைத் தூக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். கழிவுநீர்க் குழிக்கும் அதற்கும் எத்தனை அடி இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் செலவு யாருடையது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.