குறை கூறி விற்றல்

ஒரு பொருளை விற்பவன் அதன் குறையை வாங்குபவனிடம் எவ்வளவு தூரம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன்? மாட்டுச் சந்தையளவு பழைமையான வினா இது. கேட்டாற் சொல்லலாம், கேளாவிட்டால் வாளாவிருக்கலாம் என்பது சந்தையின் விடை. நூலோர் விடை வேறு. திருக்குறளிலே வாணிகர்க்குரிய அறம் பொருட்பாலில் வைக்கப்படாமல், அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைக்கப்பட்டிருக்கிறது. விற்பவனும் ஒருவகையில் நீதிபதியே என்பது அந்த வைப்புமுறையின் குறிப்பென்று நான் கொள்வதுண்டு. தன் வழக்கிலே தானே தீர்ப்புக் கூறவேண்டிய இக்கட்டான நீதிபதி அவன்.

இவ்வினாவை நான் ஏட்டில் மட்டும் சந்தித்தவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் அடிச்சட்டத்தில் ஒரு வெடிப்புக் கண்டது. அதனைப் பற்றவைத்து, மேலே கறுப்பு வர்ணம் பூசுவித்தேன். வர்ணம் காய்ந்ததும் வெடிப்பு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. வாங்க வந்த இளைஞன் எஞ்சினை ஓடவிட்டுச் செவிகொடுத்துக் கேட்டான். ரயர்களைத் தட்டிப் பார்த்தான். அடிச்சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின் நடந்ததை இறுதியிற் கூறுகிறேன். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின், விமான விபத்து விசாரணை வரலாறுகளை வாசிப்பது என் பொழுதுபோக்காயிற்று. அவற்றுள் ஒன்று அந்தக் காரை மீண்டும் என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

சொல்லை நம்பிப் பறப்பவை

அமெரிக்காவிலே 2004 ஆம் ஆண்டில் 'இலகு விளையாட்டு விமானம்' என்றொரு புதிய வகுப்பு விதிக்கப்பட்டது. இரண்டு இருக்கைகள், ஓர் எஞ்சின், தரையிலிருந்து எழும் விமானமாயின் 600 கிலோகிராமுக்கு மேற்படாத நிறை, மணிக்குச் சுமார் 222 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகம். இதனை ஓட்டக் கற்பவனுக்கு ஆகக் குறைந்தது 20 மணி நேரப் பறப்புப் பயிற்சி போதும். சாதாரண தனியார் விமானிக்கு வேண்டியதில் இது பாதி. உடல்நலத்துக்குச் சான்றாகக் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாழ்நாள் முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்த்தே காலங்கழித்த நடுத்தர வருவாயினர் பலருக்கு, ஓய்வுக்காலத்திலே கதவொன்று திறந்தது போலாயிற்று. 2025 இல் வெளியான புதிய விதி இவ்வரம்புகளைப் பெரிதும் தளர்த்தியது. நான் கூறப்போவது அதற்கு முந்திய காலத்துக் கதை.

இவ்வகுப்பின் அடித்தளம் எதுவென்று நோக்குதல் வேண்டும். பெரிய பயணிகள் விமானமாயின் அரசாங்கமே அதன் வரைபடத்தையும் கணக்கையும் சோதனையையும் ஆராய்ந்து சான்றிதழ் வழங்கும். இலகு விமானத்துக்கு அந்த நடைமுறை இல்லை. தொழிலினர் கூடி வகுத்துக்கொண்ட தரங்களுக்கு இவ்விமானம் அமைந்திருக்கிறது என்று செய்தவரே கையெழுத்திட்டு உறுதி கூறுவார். உதிரிப்பகுதிகளாக வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலே பொருத்தும் விமானங்களும் உண்டு. அவற்றில், வேலையின் பெரும்பகுதியைத் தாமே செய்தோம் என்று கட்டியவர் உறுதி கூறுவார். இவ்விமானம் சாதாரண விமானத்துக்குரிய தரங்களுக்கு உட்பட்டதன்று என்ற எச்சரிக்கையைப் பயணியின் கண்ணில் படும்படி உள்ளே பொறித்துவைத்தல் சட்டம். செய்தவரின் சொல், கட்டியவரின் சொல், பின்னர் விற்பவரின் சொல் என்று, தறையாணிகளோடு சொற்களும் சேர்ந்தே அந்தச் சிறகுகளைப் பிணித்திருக்கின்றன.

ஆறு விபத்துக்கள்

'சோடியாக் சீஎச் 601 எக்ஸ்எல்' என்பது இவ்வகையைச் சேர்ந்த ஒரு விமானம். முழுவதும் உலோகத்தாலானது, சிறகுகள் உடலின் கீழ்ப்புறம் அமைந்தவை. இதனை வடிவமைத்த கிறிஸ் ஹைன்ஸ் என்பார் கொன்கோட் விமானப் பணியிலும் ஈடுபட்ட பொறியியலாளர். பின்னர் கனடாவிலே தமது நிறுவனத்தைத் தொடங்கியவர். எளிய கருவிகளைக் கொண்டு சாதாரண மனிதனும் ஒரு விமானத்தைக் கட்டிவிடலாம் என்பது அவரது கொள்கை. பலர் கட்டினர், சிலர் கட்டி முடித்ததை வாங்கினர்.

2006 பெப்ரவரி முதல் 2009 மார்ச் வரையான காலத்தில் இவ்விமானங்கள் ஆறு, பறந்துகொண்டிருக்கும்போதே வானில் உடைந்து வீழ்ந்தன. நான்கு விபத்துக்கள் அமெரிக்காவில் நிகழ்ந்தன; ஒன்று ஸ்பெயினில்; ஒன்று நெதர்லாந்தில். மாண்டவர் பத்துப் பேர். 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, இவ்விமானங்கள் மேலும் பறப்பதைத் தடைசெய்யுமாறு சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகத்தை அவசரமாகக் கேட்டுக்கொண்டது. சபை சுட்டிய காரணம் 'படபடப்பு' எனத்தக்க ஓர் அதிர்வு.

பௌதிகம் படிப்பித்தவனாதலின் இதனைச் சிறிது விளக்குதல் என் கடமை. விமானத்தை இடமும் வலமும் சாய்ப்பதற்காகச் சிறகின் பின்னோரத்தில் கீல்பூட்டிய ஒரு தகடு உண்டு. அதன் நிறை பெரும்பாலும் கீலுக்குப் பின்னால் இருக்குமாயின், சிறகு திடீரென மேலெழும்போது தகடு பின்தங்கிக் கீழே தொங்கும். கீழே தொங்கிய தகடு சிறகை இன்னும் மேலே தூக்கும். சிறகு திரும்பிக் கீழிறங்கும்போது இதற்கு எதிர்மாறாக நிகழும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், காற்றோட்டத்திலிருந்தே வலுவைப் பெற்று அசைவு அடங்காமல் வளரும். கண்ணிமைக்கும் பொழுதில் சிறகு முறிதலும் கூடும். இது நம் பாடநூல்கள் 'பரிவு' என்று கூறுவதற்கு உறவுடையதாயினும் அதுவன்று. பரிவிலே வெளியிலிருந்து ஒருவன் தாளந்தவறாது தள்ளவேண்டும். படபடப்பிலோ தள்ளுவார் எவருமில்லை. சீராக வீசும் காற்றிலிருந்து அசைவே தனக்கு வேண்டிய வலுவைக் கவர்ந்துகொள்கிறது. 1940 இல் அமெரிக்காவின் ரக்கோமா தொங்குபாலத்தை முறித்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த அதிர்வே. கீலுக்கு முன்னால் ஓர் எதிர்நிறையைப் பொருத்திச் சமன்செய்வது இதனைத் தடுப்பதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட உபாயம்.

தகட்டை இயக்கும் கம்பிவடங்கள் உரிய இறுக்கத்தில் இருந்தால் படபடப்பு எழாது என்பது விமானத்தை ஆக்கியோர் தரப்பின் வாதம். சபைக்கு அது போதவில்லை. ஆயினும், எல்லா விமானங்களையும் உடனே நிறுத்துவதற்குப் போதிய ஆதாரமில்லை என்றே நிருவாகம் அப்போது கருதியது. அவ்வாண்டு நவம்பரில் மேலுமொரு விமானம் விபத்துக்குள்ளாயிற்று. அதன் பின்னரே, திருத்தம் செய்யாமல் பறக்கவேண்டாம் என்று நிருவாகம் உரிமையாளர்களை வற்புறுத்தி அறிவித்தல் வெளியிட்டது. 2010 ஜனவரியில் வெளியான அதன் ஆய்வறிக்கை தனியொரு காரணத்தைச் சுட்டவில்லை. சிறகு தாங்கவேண்டிய சுமையைக் கணித்த முறையில் குறை. படபடப்பை ஆராய்ந்ததிற் குறை. வேகமானியின் திருத்தத்திற் குறை. சுக்கான் பிடிக்கு வேண்டிய விசை போதாமை எனப் பலவும் ஒன்றுகூடியிருக்கக்கூடும் என்றது. சிறகின் முதுகெலும்பாகிய நெடுந்தண்டையும் உடலோடு அது கூடும் நடுப்பகுதியையும் வலுப்படுத்தி, எதிர்நிறையும் பொருத்துவதே வகுக்கப்பட்ட திருத்தம்.

கொட்டகையில் நின்ற விமானம்

இனி, அவ்விமானங்களுள் ஒன்றின் உரிமையாளனை எண்ணிப்பாருங்கள். ஈராண்டு, மூவாண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு ஆயிரக்கணக்கான தறையாணிகளைத் தன் கையால் அறைந்தவன் அவன். அல்லது ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து ஆயத்தமான விமானத்தை வாங்கியவன். விமானம் கொட்டகையில் நிற்கிறது. வாடகை நிற்கவில்லை. வங்கிக் கடன் இருப்பின் அதன் வட்டியும் நிற்கவில்லை. அதன் விலையோ, பெயர் கெட்டதோடு தானும் கெட்டுவிட்டது. திருத்தம் செய்வதானால் சிறகின் மேற்தகட்டைப் பிடித்திருக்கும் தறையாணிகளைத் துளைத்தெடுத்து, தான் மூடியதைத் தானே திறக்கவேண்டும். கட்டியவனுக்கு அது பெற்ற பிள்ளையை அறுவைக்குக் கொடுப்பது போன்றது. விற்றுவிட்டால் என்ன என்ற எண்ணம் இந்நிலையிலே எழாதவன் அரியன்.

விற்பதற்கு வழிகள் மூன்று. திருத்தம் செய்து, முழுவிலைக்கு அருகே விற்கலாம். திருத்தாமல், உள்ளதை உள்ளபடி கூறி, குறைந்த விலைக்கு விற்கலாம். எஞ்சினையும் கருவிகளையும் கழற்றி விற்று, உடலைப் பழைய உலோகமாக்கிவிடலாம். தன் கையாற் கட்டியதில் பிறனொருவன் மாளக்கூடாது என்று அஞ்சுவோர்க்கும், வழக்குக்கு அஞ்சுவோர்க்கும் ஏற்றது இவ்வழி. இம்மூன்றும் நேரானவை. நான்காவது வழியொன்றும் உண்டு. அது எனக்குப் பழக்கமான வழி. கேளாதவனுக்குச் சொல்லாமல் விற்பது.

சட்டம் இங்கு முழுக்காவல் அன்று. தொழிற்சாலையிற் செய்யப்பட்ட இலகு விமானத்துக்கு ஆக்கியோர் பிறப்பிக்கும் பாதுகாப்புப் பணிப்பு கட்டாயமானது. வீட்டிற் கட்டியதற்கோ நிருவாகத்தின் அறிவித்தல் வலிய அறிவுரையாகவே நின்றது. எனவே, வாங்குபவனுக்கும் அந்தச் சிறகுக்கும் இடையே நின்ற காவல் விற்பவனின் நாக்கே.

பெரிய நிறுவனங்களின் நிலை வேறு. 1952 இல் கொழும்புக்கும் வந்துபோகத் தொடங்கிய கொமெற் ஜெற் விமானங்கள் 1954 இல் இரண்டு மாபெரும் விபத்துக்களின் பின் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தில் ஒரு முழு விமான உடலை நீர்த்தொட்டியில் இட்டு, அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கி, உலோகம் களைத்து வெடித்ததைக் கண்டறிந்தார்கள். அங்கே அரசு இருந்தது; விஞ்ஞானிகள் இருந்தார்கள்; நீர்த்தொட்டி இருந்தது. நமது இலகு விமான உரிமையாளனிடம் ஒரு கைவிளக்கும் ஒரு குறிப்பேடும் மாத்திரமே உண்டு. அவனே முதலாளி, அவனே பொறியியலாளன், அவனே விமானி, இப்போது அவனே வியாபாரி. அத்தனை பேரும் ஓருடலில் இருக்கையில், அவர்களுள் வியாபாரியின் குரலே உரத்து ஒலிப்பது இயல்பு.

ஆனால் அந்தக் குறிப்பேட்டை நான் குறைவாக மதிக்கவில்லை. வீட்டில் விமானம் கட்டுவோரிடையே ஒரு நல்வழக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதியையும் மூடுமுன் அதன் உட்புறத்தைப் படம்பிடித்து, நாளும் வேலையும் குறித்து வைப்பார்கள். பரிசோதகர் வரும்போது மூடிய தகட்டுக்குள் இருப்பதைக் காட்ட வேறு வழியில்லை. திருத்தம் செய்தவன் அவ்வாறே படமும் குறிப்பும் வைத்து, நிறுத்தத்தின் வரலாற்றையும் அறிக்கையின் பிரதியையும் சேர்த்து வாங்குபவன் கையிற் கொடுத்தானாகில், அவன் விற்பது வெறும் விமானம் அன்று. "இதிலே இன்ன ஐயம் இருந்தது, இன்னவாறு நீக்கினேன், நீக்கியதை நீயே பார்" என்ற சொல்லையும் சேர்த்தே விற்கிறான். திருத்தம் பெற்ற விமானங்கள் மீண்டும் வானேறின. அவற்றைப் பிறர் நம்பி வாங்கவும் செய்தனர். குறையை ஒளித்துப் பெறமுடியாத விலையைக் குறையைத் திறந்துகாட்டிப் பெற முடிந்தது.

நான் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர்கள் தகட்டைத் திறந்து படம்பிடித்தார்கள். நான் வெடிப்பின்மேல் வர்ணம் பூசினேன்.

காரை வாங்கிய இளைஞன் சில மாதங்களின் பின் ஒருநாள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பற்றவைத்த இடம் மீண்டும் வெடித்துவிட்டதாம். நல்லவேளை, கார் மெதுவாகச் சென்றதால் ஒருவருக்கும் தீங்கில்லையாம். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றெண்ணி நான் விடைகளை ஆயத்தஞ் செய்துகொண்டேன். அவன் வந்தது அதற்கன்று. நல்லதொரு பற்றவைப்புக்காரர் யாரென்று விசாரிக்க வந்திருந்தான். புறப்படும்போது, என் முகத்தில் எதைக் கண்டானோ, ஆறுதல் கூறுபவன்போற் சொன்னான்: "அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது, மாஸ்டர்? தெரிஞ்சிருந்தா நீங்கள் சொல்லியிருப்பியள்தானே."

அவன் கோபித்திருந்தால் நான் மறந்திருப்பேன். பரிவு என்ற சொல்லை எத்தனையோ மாணவருக்கு எத்தனையோ ஆண்டுகள் விளக்கியவன் நான். அதற்கு மற்றொரு பொருளும் உண்டென்பதை அன்று அந்தப் படலையடியிலே கற்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் அவகாசம் இருந்தது. படலை சாத்தும் ஓசை கேட்கும்வரை வாளாவிருந்தேன்.